வெளிச்சம் குடிக்கும் தண்ணீர்

என் அக்கா புஷ்பராணி ஓய்வு பெறும்வரை பட்டர்வொர்த்தில் ஒரு தமிழ்ப்பள்ளியில் கணக்கு ஆசிரியை. தப்பாகக் கூட்டிய பிள்ளையின் காதைத் திருகாமல் விட்டதில்லை. அப்படிப்பட்டவள் இனிப்பு நீர் வியாதிக்குப் போட்டுக்கொண்டிருந்த இன்சுலின் ஊசியை நிறுத்திவிட்டு, நீலப் பாட்டிலில் வரும் ஏதோ ஒரு தண்ணீரைக் காலையும் மாலையும் குடிக்கிறாள் என்று தெரிந்த அன்று, அவள் வீட்டுச் சமையலறையில் நின்று நான் கத்திய கத்தலில் பக்கத்து வீட்டு ஆன்ட்டி லிம் ஜன்னலைச் சாத்திக்கொண்டார்.

ஊசிக்காக மட்டும் கத்தவில்லை. அவளுடைய இடது கால் கட்டை விரலில் ஒரு புண். செருப்புக் கடித்தது என்றாள். செருப்புக் கடித்த புண் வாரக்கணக்கில் ஆறாமல் ஓரம் கறுத்துக்கொண்டு நிற்காது. அரசாங்க கிளினிக் டாக்டர் சுற்றி வளைக்காமல் சொல்லியிருக்கிறார்: சர்க்கரை இறங்காவிட்டால் விரல் போகும், அதற்கப்புறம் கால் போகும். அதைக் காதால் கேட்டுவிட்டு வந்துதான் இவள் பாட்டிலைத் திறந்திருக்கிறாள்.

"ஏன்க்கா, உனக்கு மூளை கீளை கலங்கிப் போச்சா?"

"கத்தாதடி. இது சும்மா தண்ணி இல்ல, ஜீவ தண்ணி. வெளிச்சத்தையே குடிக்குது. வெளிச்சம் குடிச்ச தண்ணி உள்ள போனா நோய் நிக்காதாம்."

"யாரு சொன்னா?"

"யாரு சொல்லணும்? என் கண்ணால பாத்தேன்லா. சாதா தண்ணிய வச்சாங்க, லைட்டு அப்படியே நின்னுச்சு. ஜீவ தண்ணிய வச்சாங்க, லைட்டு அணைஞ்சு அணைஞ்சு எரிஞ்சுச்சு. மேசை மேல சிவப்பு லைட்டு, சின்னச் சின்னக் கண்ணாடி… நீ ஒரு நாள் உன் ஃபேக்டரில எங்களுக்குக் காட்டினியே, அதே மெசினுடி!"

அதற்கப்புறம் எனக்குக் கத்த வரவில்லை. அந்த மெசின்தான் எனக்குச் சோறு போடுகிறது.

பாயான் லெப்பாஸில் கண்ணாடிச் சில்லுகளைச் சோதிக்கும் பட்டறையில் வேலை எனக்கு. சில்லு எவ்வளவு சமமாக இருக்கிறது என்று கண்ணால் பார்த்துச் சொல்ல முடியாது, கையால் தடவியும் சொல்ல முடியாது. ஒளியைக் கேட்டால்தான் சொல்லும். கேட்பதற்கு ஒரு பாதிக் கண்ணாடி வேண்டும். பட்டறையில் பீம் ஸ்பிளிட்டர் என்போம். பேர்தான் பெரிது, சங்கதி சின்னது. ராத்திரி பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்தால் வெளியே போகும் கடையும் தெரியும், உங்கள் மூஞ்சியும் தெரியும் இல்லையா, அவ்வளவுதான். வெறும் கண்ணாடி கொஞ்சம்தான் திருப்பும். அதன் மேல் மெல்லியதாக ஒரு பூச்சுப் பூசிவிட்டால், விழுகிற ஒளியில் சரிபாதியை உள்ளே விட்டு, மறுபாதியைத் திருப்பி அனுப்பிவிடும்.

இப்படிப் பிரிந்த இரண்டு பாதியையும் இரண்டு வழியில் நடக்கவிட்டு, கடைசியில் இன்னொரு பாதிக் கண்ணாடியில் கொண்டுவந்து சேர்ப்போம். சேரும்போதுதான் வேடிக்கை. பினாங்கு ஃபெர்ரி வரும்போது கிளம்புகிற அலையும் போகிற படகின் அலையும் மோதுகிற இடத்தைப் பாருங்கள். மேடும் மேடும் சேர்ந்தால் எகிறும்; மேடும் பள்ளமும் சேர்ந்தால் தண்ணீர் சும்மா கிடக்கும். ஒளியும் அப்படித்தான். இரண்டு வழியும் ஒத்துப் போனால் பளிச்சென்று ஒரு புள்ளி. ஒரு வழி, தலைமுடியில் நூறில் ஒரு பங்கைவிடக் குறைவாக மாறினாலும் போதும், அந்தப் புள்ளி இருண்டுவிடும். ஏசி காற்று பட்டால் மாறும். யாராவது தும்மினால் மாறும். ரோட்டில் லோரி போனால் மாறும். இந்த மெசினை ஆடாமல் அசையாமல் நிறுத்தத்தான் எங்களுக்குச் சம்பளமே. அது ஆடுவதைக் காட்டி ஒருவன் தண்ணீர் விற்கிறான்!

"அக்கா, அந்த லைட்டு எதுக்கு வேணாலும் அணையும். நீ பெருமூச்சு விட்டா அணையும்."

"உனக்குத்தான் எல்லாம் தெரியும். நானும் சயன்ஸ் படிச்சவதான்டி. ஞாயித்துக்கிழமை நீயே வா. இந்தத் தண்ணிய விக்கற டத்தோ கிருபாகரன், சந்தேகப்படறவங்கள மேடைக்கே கூப்பிடுவாரு. மேல ஏறிப் பொய்யுன்னு காட்டிடு, அன்னைக்கே ஊசி போட்டுக்கறேன். வாத்தியார் சொல்லு, மாறமாட்டேன்."

"காட்ட முடியலன்னா?"

"அதுக்கப்புறம் நீ என் ஊசியப் பத்தி வாயே தொறக்கக்கூடாது."

காலை நீட்டி எதிரே உட்கார்ந்திருந்தாள். அந்த விரலைப் பார்த்தேன். சரி என்றேன்.

ஜார்ஜ்டவுனில் ஒரு ஹோட்டல் மண்டபம். வாசலில் நாசி லெமாக் சோற்றுப் பொட்டலமும் பாலில்லாத தே ஓ தேநீரும் இலவசம். இனிப்பு நீர்க்காரர்கள் கூட்டத்துக்குச் சீனி போட்ட தே ஓ! அதை வாங்க ஒரு வரிசை. வரிசையில் வழக்கறிஞர் ஒருவர் நின்றார், ரெண்டு பேங்க் மேனேஜர் நின்றார்கள், என் அக்காவோடு வேலை பார்த்த தலைமையாசிரியர்கள் ஒரு கும்பல். எழுதப் படிக்கத் தெரியாதவன் ஏமாந்தால் பாவம் என்று சொல்லலாம். இவர்களை என்ன சொல்ல? கேப்பையில் நெய் வடிகிறது என்று ஒருவன் சொல்ல, இவர்கள் வீட்டிலிருந்து கிண்ணம் எடுத்து வந்திருக்கிறார்கள்.

மேடையில் கறுப்புக் கல் பலகை, அதன் மேல் கண்ணாடிக் கூண்டு, கூண்டுக்குள் என் மெசின். வெள்ளைக் கோட்டுப் போட்டுக்கொண்டு ஒருவன் குனிந்து திருகைத் திருகிக்கொண்டிருந்தான். நிமிர்ந்தான். எட்வின் சூசை!

இவன் எங்கள் பட்டறையில் என் பக்கத்து மேசைக்காரன். பாதிக் கண்ணாடியை நேர் பிடித்து நிறுத்துவதில் அவனை அடிக்க ஆள் கிடையாது. போன வருடம் சொல்லாமல் கொள்ளாமல் வேலையை விட்டான். சிங்கப்பூர் போய்விட்டான் என்று நினைத்திருந்தோம். டத்தோவை என்னால் மன்னிக்க முடியும். அவர் பாத்திர வியாபாரம் பண்ணினவர், ஒளியைப் பற்றி ஒரு மண்ணும் தெரியாது. இவனுக்கு எல்லாம் தெரியும்.

"லீலாக்கா! பசியாறிட்டீங்களா?" என்றான், கல்யாண வீட்டில் பார்த்த மாதிரி.

"என்னடா பண்ற இங்க?"

"வேலக்கா. மெசின நேரா வைக்கறேன். அவ்வளவுதான் என் வேல. மைக்குல நான் ஒரு வார்த்த பேசறதில்ல. நான் பொய்யே சொல்லலக்கா."

"அந்தத் துணி எதுக்கு?"

கூண்டின் ஒரு பக்கத்தைச் சிவப்புப் பட்டுத் துணி போட்டு மூடியிருந்தார்கள். அதன் மேல் பூமாலை வேறு. எனக்குத் தெரியும் அங்கே என்ன இருக்கும் என்று. இரண்டு ஒளியும் கடைசிப் பாதிக் கண்ணாடியில் சேரும்போது வெளியேற இரண்டு வாசல் உண்டு. ஒரு வாசல் இருண்டால் மறு வாசல் பளிச்சிடும். ஒளி எங்கும் காணாமல் போவதில்லை, யாரும் குடிப்பதும் இல்லை. வாசல் மாறிப் போகிறது. இவர்கள் ஒரு வாசலைத் திரையில் காட்டி, மறு வாசலுக்கு மாலை போட்டு மூடிவிட்டார்கள்.

"அது அலங்காரம்கா," என்று சொல்லிவிட்டு எட்வின் திரும்பவும் குனிந்துகொண்டான்.

டத்தோ கிருபாகரன் வந்தார். டத்தோ என்பது மாநில அரசு கொடுக்கிற பட்டம்; இவருக்கு எந்த மாநிலம் கொடுத்தது என்று யாரும் கேட்டதில்லை. பட்டுச் சட்டை, ஜிகினா சோங்கெட் துண்டு. முதல் காரியமாக ஏசியை நிறுத்தச் சொன்னார். அப்புறம் கையை உயர்த்தினார்.

"யாரும் கை தட்டாதீங்க. நடக்காதீங்க. ஜீவ தண்ணிக்குச் சத்தம் பிடிக்காது. மரியாத குடுக்கணும்."

மண்டபமே மூச்சை அடக்கியது. தண்ணீருக்கு மரியாதையாம். ஒருவன் செருப்பைத் தேய்த்து நடந்தாலும் மெசின் ஆடி விவகாரம் வெளியே வந்துவிடும். அதை எவ்வளவு பக்தியாகச் சொல்கிறான் பாருங்கள்!

முதலில் ஹோட்டல் தண்ணீர். காலையிலிருந்தே கண்ணாடிப் பெட்டியில் ஊற்றி வைத்த தண்ணீர், மண்டபத்துச் சூட்டோடு சூடாகி அசையாமல் கிடந்தது. எட்வின் அதை ஒளியின் ஒரு வழியில் வைத்தான். கேமரா வைத்துப் பெரிய திரையில் சிவப்புப் புள்ளியைக் காட்டினார்கள். நின்றது, சாமி விளக்கு மாதிரி.

"பாருங்க. செத்த தண்ணி. வெளிச்சத்துக்கு இதோட பேச ஒண்ணும் இல்ல."

அடுத்தது ஐஸ் பெட்டியிலிருந்து ஜீவ தண்ணீர். உயிர் போய்விடாமல் இருக்க ஐஸாம். அப்போதுதான் பெட்டியில் ஊற்றினார்கள். சில்லென்ற தண்ணீர் சூடான பெட்டிக்குள் போனால் உள்ளே மேலும் கீழும் சுழலும். சுழல்கிற தண்ணீருக்குள் ஒளி போகிற வழி நொடிக்கு நொடி மாறும். திரையில் புள்ளி மங்கியது, அணைந்தது, மறுபடி எழுந்தது, மறுபடி அணைந்தது.

"குடிக்குது! குடிக்குது பாருங்க!"

முன் வரிசையில் ஒரு பெண்மணி விம்மி அழுதாள். அக்கா என் முழங்கையில் இடித்தாள். இடித்ததில் ஒரு பெருமை இருந்தது, தானே அந்தத் தண்ணீரைப் பெற்று வளர்த்த மாதிரி.

"சந்தேகம் உள்ளவங்க மேல வரலாம். நம்மகிட்ட ஒளிவு மறைவு கிடையாது," என்றார் டத்தோ.

"போடி," என்றாள் அக்கா. "போய்க் காட்டு."

ஏறினேன். மைக்கைக் கையில் கொடுத்தார்கள். பேர் சொன்னேன், எங்கே வேலை பார்க்கிறேன் என்று சொன்னேன், முதல் வேலையாக அந்தச் சிவப்புத் துணியை மாலையோடு சேர்த்து உருவினேன். எட்வின் என் கையைப் பிடிக்க வந்து, கூட்டத்தைப் பார்த்துவிட்டு நின்றுகொண்டான். துணி போன இடத்தில் ஒரு வெள்ளைக் காகிதத்தைப் பிடித்தேன். இன்னொரு சிவப்புப் புள்ளி.

"நல்லாப் பாருங்க. திரையில இருட்டாகும்போது இங்க பிரகாசம். இங்க இருட்டாகும்போது அங்க பிரகாசம். ரெண்டையும் கூட்டுங்க, எப்பவும் ஒரே அளவு. வெளிச்சத்த யாரும் குடிக்கல. இந்தக் கதவால போறது அந்தக் கதவால போகுது. ஒரு கதவ மூடி வச்சிட்டு, ஆளக் காணோம்னு சொல்றாங்க."

இதைவிட எளிதாக யாராலும் சொல்ல முடியாது. என் அக்காவுக்கே கூட்டல் கணக்கு. கீழே பார்த்தேன். யோசிக்கிறாள் என்று தோன்றியது. டத்தோ ஒரு நொடி விழித்தார். ஒரே ஒரு நொடி. அடுத்த நொடி மைக்கில் அவர் குரல் தழுதழுத்தது.

"பாத்தீங்களா! எனக்கே இன்னைக்குத்தான் தெரியுது! குடிக்க மட்டும் இல்ல, குடிச்சதத் திருப்பிக் குடுக்கவும் செய்யுது நம்ம தண்ணி! தாய் மாதிரி!"

தடை மறந்து கை தட்டினார்கள். தட்டிய அதிர்ச்சியில் திரையில் புள்ளி தாறுமாறாகத் துடித்தது. தண்ணீர் சந்தோஷப்படுகிறது என்றார் டத்தோ. அதற்கும் கை தட்டினார்கள்.

"இந்த ஹோட்டல் தண்ணியில கொஞ்சம் ஐஸ் போட்டு வச்சிப் பாப்போமா?" என்று கத்தினேன்.

"அம்மா, தண்ணிய அவமானப்படுத்தாதீங்க," என்றார் அவர், வருத்தமாக. வழக்கறிஞர் எழுந்து, "சிஸ்டர், மரியாத, மரியாத," என்றார். இவர் கோர்ட்டில் எவனுக்கு வாதாடி எவன் உருப்பட்டானோ.

எனக்குத் தலைக்கு ஏறிவிட்டது. தண்ணீர்ப் பெட்டியையே எடுத்துக் கீழே வைத்தேன். "தண்ணியே வேணாம். ஒண்ணும் வேணாம். வெறும் காத்துதான் இருக்கு. இப்பப் பாருங்க." கூண்டின் சின்னக் கதவு வழியாகக் கையை விட்டு, ஒளி போகும் வழிக்குக் கீழே உள்ளங்கையை விரித்துப் பிடித்தேன். கைச்சூட்டில் காற்று இளகி மேலே எழும்பும். ஒளி அதன் ஊடே போக வேண்டும். அவ்வளவு போதும். திரையில் புள்ளி மங்கி, அணைந்து, எழுந்து, அணைந்தது. கையை எடுத்தேன். நின்றது. வைத்தேன். அணைந்தது.

"பாத்தீங்களா? ஜீவ தண்ணியும் இல்ல, ஒரு எழவும் இல்ல. வெறும் கை!"

மண்டபமே எட்டி எட்டித் திரையைப் பார்த்தது. ஜெயித்துவிட்டேன் என்று நினைத்தேன். முன் வரிசையில் விம்மி அழுத அந்தப் பெண்மணி மெல்ல எழுந்தாள். இரண்டு கையையும் தலைக்கு மேல் கூப்பினாள்.

"தாயே! உங்க கையில சக்தி இருக்கு!"

"ஐயோ, இல்லம்மா! எல்லார் கைக்கும் இதே கததான்! சூடு! வெறும் சூடு!" யாரும் கேட்கவில்லை. செவிடன் காதில் ஊதிய சங்குக்கு ஒரு மரியாதை உண்டு, அவனுக்குக் காது கேட்காது. இவர்களுக்குக் கேட்டது. கேட்டுக்கொண்டே கும்பிட்டார்கள்.

"எட்வின்! நீ வாடா. உன் கைய வை. வச்சிக் காட்டு இவங்களுக்கு."

எட்வின் வந்தான். வெள்ளைக் கோட்டின் கையை மடித்தான். என்னைப் பார்த்துக் கொஞ்சம் சிரித்தான் என்று இன்றைக்கும் சத்தியம் செய்வேன். கூண்டுக்குள் கையை விட்டு, ஒளிக்கு மேலே பிடித்தான்.

மேலே! சூடு மேலேதான் போகும் என்று பால் காய்ச்சத் தெரிந்த எவளுக்கும் தெரியும். ஒளிக்கு மேலே பிடித்த கையின் சூடு ஒளியைத் தொடவே தொடாது. மூச்சையும் அடக்கிக்கொண்டு, சிலை மாதிரி நின்றான், படவா. அதற்கு எவ்வளவு நிதானம் வேண்டும் என்று எனக்குத் தெரியும். அந்த நிதானத்தைப் பட்டறையில் பார்த்து நானே மெச்சியிருக்கிறேன். திரையில் சிவப்புப் புள்ளி அசையவே இல்லை.

"கீழ வைடா! கீழ வை, நாயே!"

மைக்கில் மண்டபம் பூரா கேட்டது. எட்வின் பணிவாகக் கையை எடுத்துக்கொண்டு, லேசர் விளக்கை அணைத்தான். "மெசின் சூடாயிடுச்சு டத்தோ," என்றான். அன்றைக்கு அவன் மைக்கில் பேசிய ஒரே வார்த்தை. அதுவும் பொய் இல்லை என்று சாதிப்பான்.

கீழே இறங்க விடவில்லை. ஒருத்தி முட்டியைக் காட்டினாள், ஒருவர் பேரப்பிள்ளையின் தலையை நீட்டினார், ஒரு பேங்க் மேனேஜர் வழுக்கையைக் குனிந்து காட்டினார். பிடுங்கிக்கொண்டு வாசலுக்கு வந்தால், எட்வின் கோட்டைக் கழற்றிவிட்டு கார் பக்கம் நிற்கிறான்.

"டத்தோ கேக்கச் சொன்னாருக்கா. நீங்களும் வந்துடுங்க. உங்க கைக்கு நல்ல மார்க்கெட்டு இருக்கு."

"த்தூ!" என்றேன். அது எதிர்வாதம் இல்லைதான்.

அக்காவை வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு பினாங்குப் பாலத்தில் வந்துகொண்டிருந்தேன். நானாகத்தான் தொடங்கினேன்.

"பாத்தியா, எப்படிக் கூசாமப் புளுகறாங்கன்னு? உனக்காவது புரிஞ்சுதா? ரெண்டு கதவு. ரெண்டையும் கூட்டினா ஒரே அளவு."

"புரிஞ்சுதுடி."

எனக்கு அப்போதுதான் மூச்சு வந்தது.

"டத்தோ தண்ணி ஒண்ணும் இல்லன்னு புரிஞ்சுது," என்றாள். "அவன் ஃபிராடு. உன் கைக்கு முன்னால நிக்க முடியல பாத்தியா, மெசினே அணைஞ்சு போச்சு. சின்ன வயசுல எனக்குக் காய்ச்சல் வந்தா நீதான் நெத்தில கை வைப்ப, உடனே எறங்கும். அம்மா அப்பவே சொல்லுச்சு."

காரை ஓரம் கட்டி அவளை இறக்கிவிட்டு விடலாமா என்று இருந்தது. பாலத்தில் நிறுத்தினால் அபராதம்.

"அப்ப ஊசி? நான் பொய்யுன்னு காட்டினா போட்டுக்கறேன்னு சொன்னியே, வாத்தியார் சொல்லு?"

"உன் கையே இருக்கும்போது ஊசி எதுக்குடி?"

மறுநாள் காலை வேலைக்குப் போகும் வழியில் நானே அவள் வீட்டுக்குப் போனேன். சண்டை போடத்தான் போனேன். அவள் மேசையில் குழாய்த் தண்ணீரை ஒரு பாட்டிலில் பிடித்து, திருநீறு பூசி, நான் கை வைப்பதற்குத் தயாராக வைத்திருந்தாள். கட்டை விரல் முழுக்கக் கறுத்திருந்தது. அறையில் ஒரு வாடை. அவளுக்கு வலி தெரியவில்லை. அந்த நோயில் அதுதான் ஆபத்து.

பட்டறையில் சில்லு கோணலாக இருந்தால் எதனால் கோணல் என்று சொல்வேன், திருத்துவார்கள். என் வாழ்க்கையில் எனக்குத் தெரிந்த ஒரே நியாயம் அது. காட்டினால் நம்புவார்கள். இங்கே காட்டினேன். என் பெயரோடு, என் மெசினோடு, இரண்டு கதவையும் திறந்து வைத்துக் காட்டினேன். அதற்குப் பலன் திருநீறு பூசிய பாட்டில். எனக்கு அக்கா மேல் வந்த இளக்காரத்துக்கு அளவில்லை. அவள் காலைப் பார்க்கப் பார்க்க அந்த இளக்காரமும் எதற்கும் உதவவில்லை.

உட்கார்ந்தேன். பாட்டிலை இழுத்து உள்ளங்கையில் பிடித்தேன்.

"அக்கா, நல்லாக் கேட்டுக்க. கை வைக்கறேன். ஆனா என் கை ஊசியோடதான் வேல செய்யும். ஊசி இல்லாம இந்தத் தண்ணியக் குடிச்சா வெஷம். அப்புறம் இந்தக் கறுப்ப டாக்டர் எடுத்தாத்தான் சக்தி உள்ள எறங்கும். இப்பவே பெரிய ஆஸ்பத்திரி."

"இத நேத்தே சொல்லக்கூடாதாடி?" என்று அக்கா எழுந்து சேலை மாற்றப் போனாள்.

விரலை எடுத்தார்கள். இன்னும் இரண்டு நாள் தாமதித்திருந்தால் பாதம் போயிருக்கும் என்றார் அறுவை டாக்டர். கால் இருக்கிறது. அக்கா அந்தக் காலை வார்டு முழுவதுக்கும் காட்டினாள். "என் தங்கச்சி கைதான். நீங்க டத்தோ கிருபாகரனையே கேளுங்க, மெசின் வச்சிச் சோதிச்சாங்க." சோதித்தார்களாம்! என் வாயிலிருந்தே இன்டர்ஃபெரோமீட்டர் என்ற அந்த மெசினின் பேரைக் கற்றுக்கொண்டு, அதைத் துளி தப்பில்லாமல் உச்சரிக்கிறாள், கணக்கு வாத்தியார்.

ஒரு மாலை அவளுக்குச் சோறு கொண்டுபோயிருந்தேன். வார்டு நர்ஸ், மிஸ்ஸி நோராஸிக்கின், என்னைத் தாழ்வாரத்துக்குக் கூப்பிட்டாள். பட்டம் வாங்கிய பெண், கெட்டிக்காரி, காற்றாக வேலை செய்வாள். தரையைப் பார்த்துக்கொண்டே மலாயில் பேசினாள்; அக்காவுக்கு அவள் பாஷையில் காக்கா.

"காக்கா, ஜன்னலோரக் கட்டில்ல ஒரு லோரி டிரைவர் இருக்காரு. ரெண்டு நாளா ஊசி போட விடமாட்டேங்கறாரு. டாக்டர் சொல்லிப் பாத்தாச்சு, அவர் பொண்டாட்டி அழுதாச்சு. நீங்க கை வச்ச தண்ணி குடுத்தா போட்டுக்கறேங்கறாரு."

"நீயுமா?" என்றேன். "அது பொய்னு உனக்குத் தெரியாதா?"

"தெரியும் காக்கா," என்றாள். "அத அவருக்குப் புரிய வைக்க நேரம் இல்ல."

கோபத்தில் எனக்குக் கண் கலங்கியது. உள்ளே போனேன். மலை மாதிரி ஆள், கட்டிலில் எழுந்து உட்கார்ந்து இரண்டு கையாலும் பாட்டிலை நீட்டினார். கை வைத்தேன். அசிங்கமாக இருந்தது. டத்தோவின் சோங்கெட் துண்டை என் தோளில் போட்டது போலத்தான் இருந்தது. அவர் ஒரு மிடறு குடித்தார், சட்டையைத் தூக்கி வயிற்றை மிஸ்ஸியிடம் காட்டினார். ஊசி இறங்கியது. சொன்னால் வெட்கம், எனக்கு அப்போது நெஞ்சு நிறைந்து போயிற்று.

"நாளைக்கும் அவருக்கு ஊசி இருக்கு," என்றாள் மிஸ்ஸி. "வருவீங்களா?"

வருகிறேன் என்றேன்.